இரண்டு அடிகளின் எடை

மார்ச் மாதம் ஊலு நகரில்
பனி பகலில் கரையும், இரவில் இறுகும்.
மைனஸ் இருபதில் ஐஸ் வெறும் தரை,
பயப்பட ஒன்றுமில்லை.
பூஜ்ஜியத்தில்தான் அதன்மேல்
மயிரிழை கனத்தில் தண்ணீர் நிற்கும்.
ஊரே கைகளை விரித்துக்கொண்டு நடக்கும்.

என் மேசைமேல் ஒரு ஜோடி பூட்ஸ் அடி.
ரப்பர், கரித்தூள், அதற்குள்
செங்குத்தாக நிறுத்திய கண்ணாடி இழைகள்.
இழையைப் படுக்கவைத்தால் சறுக்கும்.
நிற்கவைத்தால்,
மழித்த மறுநாள் மோவாய் மாதிரி
தடவும் விரலுக்குத் தட்டுப்படும்.

புது பூட்ஸ் வழுக்கும்.
விற்பனைப் பிரிவில் இதைச் சொல்ல முடியாது.
முதல் வாரங்களில் இழைகள் ரப்பருக்குள் மூழ்கியிருக்கும்.
நடக்க நடக்க ரப்பர் விட்டுக்கொடுக்கும்,
இழை கொடுக்காது.
நுனி வெளியே வந்து
தண்ணீரைக் கிழித்து ஐஸைக் கடிக்கும்.
பிறகு ஒருநாள் அதுவும் முறியும்,
அல்லது வேரோடு கழன்று குழியாகும்.
குழியில் தண்ணீர்.

தேய்மான இயந்திரம் மூலையில் இருக்கிறது.
உருளையில் சுற்றிய மணல்தாள்,
பத்து நியூட்டன் பாரம், நாற்பது மீட்டர் நடை.
நல்ல இயந்திரம். அதற்கு முட்டி கிடையாது.
அதனால்தான் ரைமோ ஹெய்க்குரினென்.

துய்ரா பகுதி அஞ்சல்காரர், ஐம்பத்தெட்டு வயது,
அறுநூற்றுப் பன்னிரண்டு தபால் பெட்டிகள்.
நவம்பரிலிருந்து நடப்பதெல்லாம் எங்கள் பூட்ஸில்.
வெள்ளிதோறும் படிவம் வரும்.
வழுக்கியதா? இல்லை.
வலி உண்டா? இல்லை.
வேறு குறிப்பு? மூன்றாம் தெரு நாய் நலம்.

இன்று நிறுத்தேன்.
இடது அடியில் போனது ஒன்று புள்ளி ஒன்பது கிராம்.
வலதில் மூன்று புள்ளி நான்கு.
தராசைத் துடைத்து, மூச்சை அடக்கி
மறுபடி நிறுத்தேன்.
அதே.

நுண்ணோக்கியில் வலது குதிகால் போர்க்களம்.
பிடுங்கப்பட்ட இழைகளின் குழிகள்,
எல்லாம் ஒரே சாய்வில்.
இடது குதிகாலில் இழைகள் இன்னும் எழவே இல்லை.
விரல் பக்கம் மட்டும் நீளக் கீறல்கள்,
தூக்காமல் இழுத்த கால்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள்.
இவருக்குச் சறுக்கவில்லை.
சறுக்கும் அளவுக்குக்கூட
அந்தக் காலை நம்பி அவர் ஊன்றவில்லை.

"கலவையில் கோளாறா?" என்றான் யொவ்னி.
"கலவை சரியாகத்தான் இருக்கிறது" என்றேன்.
"சராசரி போட்டுவிடு" என்றான்.
இரண்டு புள்ளி ஆறு ஐந்து. அழகான எண்.
அந்த எண்ணில் யாருக்கும் முட்டி வலிக்காது.

மூன்று மணிக்கு ரைமோ வந்தார்.
ஒரே மாடிதான். லிஃப்டில் வந்தார்.
"ஓய்வுக்கு இன்னும் ஏழு குளிர்காலம்" என்றார்,
நான் எதுவும் கேட்காமலே.
காப்பி குடித்தோம்.
ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண்
பேருந்துக்கு ஓடி, பாதியில் ஓட்டத்தை விட்டு
பென்குயின் நடைக்கு மாறினாள்.

அறிக்கையில் எழுதியது:
இடது அடி, போதிய பயன்பாடு இல்லை. தரவு செல்லாது.

எழுதாதது:
புது ஜோடியைக் கொடுக்கும் முன்
இடது அடியை மட்டும் மடியில் வைத்து
அறுபதாம் நம்பர் மணல்தாளால்,
ஒரே திசையில்,
நுனிகள் விரலில் குத்தும்வரை
கையால் தேய்த்தேன்.
நாற்பது மீட்டருக்கு மேலேயே இருக்கும்.