நோ டிஸ்க்

வக்கீல் கேட்டது ஒன்றே ஒன்று:
போட்ட நகைக்கு அத்தாட்சி இருக்கா?
தங்கை சாலம்மாள் பரண்மேல் ஏறி
கல்யாண சிடியோடு இறங்கினாள்.
சிமெண்ட் ஷீட்டுக்கு அடியில்
ஒன்பது கோடை வெந்த தட்டு.
நடு ஓட்டையிலிருந்து ஒரு மயிரிழை விரிசல்.
நான் பார்த்தேன்.
பார்த்தும் போட்டேன்.

நாதஸ்வரம் வரவேண்டிய இடத்தில்
மிக்ஸியில் சில்லறை விழுந்த சத்தம்.
பிறகு ஒரு டப்.
பிறகு மாரண்டஅள்ளி முழுக்கக்
கரண்ட் போனதுபோல அமைதி.
கரண்ட் இருந்தது.
பச்சை எழுத்தில் பெட்டி சொன்னது:
நோ டிஸ்க்.

வேறு தட்டு போட்டோம். நோ டிஸ்க்.
மாமன் வீட்டுக் காதுகுத்து. நோ டிஸ்க்.
பிளக்கைப் பிடுங்கி அறுபது எண்ணி மாட்டினோம்;
சாலம்மாள் அவசரத்தில் நாற்பதுக்குப் பிறகு
ஐம்பத்தைந்துக்குத் தாவினாள்.
பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கிய
அடியில் பிரஷ் ஒட்டிய துடைப்புத் தட்டையும்
அது தட்டென்றே ஒத்துக்கொள்ளவில்லை.
வேடியப்பன் அண்ணன் வந்து
பெட்டியின் தலையில் ஓங்கி ஒன்று வைத்தார்.
அவர் கிணற்று மோட்டாருக்கும் அதுதான் வைத்தியம்.

ஓசூர் கம்பெனியில் மூன்று வருசம்
ஷிப்டுக்கு ஆயிரத்து இருநூறு திருகாணி
மாட்டியவள் நான்.
கழற்ற அங்கே யாரும் சொல்லித்தரவில்லை.

மூடியைத் தூக்கினால்
தூசி, காய்ந்த பல்லி முட்டை ஒன்று,
அப்புறம் மூலைக்கு மூலை
வெள்ளி வெள்ளியாய்ச் சில்லு.
புருவம் பிடுங்கும் இடுக்கியால்
ஒவ்வொன்றாய் எடுத்துப் பேப்பர்மேல் வைத்தேன்.
பதினேழு.
பதினெட்டாவது,
லென்ஸ் நகரும் தண்டவாளத்தில்
குறுக்கே படுத்திருந்தது.
எது வந்தாலும் இல்லை இல்லை என்று
சொல்லவைத்தது அந்த அரை நகம்தான்.

சாலம்மாள் சில்லுகளைப் புரட்டினாள்.
"இதுல எதுக்கா மூணு பவுன் ஆரம்?"
விளையாட்டாகத்தான் கேட்டாள்.
நானும் விளையாட்டாக ஒன்றைக் காட்டினேன்.
ஜன்னலில் பிடித்துப் பார்த்தாள்,
பச்சையும் ஊதாவும் ஓடின.
"மாமியா அதக் கையில தூக்கி எட பாத்தாளே, அது?"
பக்கத்துச் சில்லு.
"பந்தியில எங்கப்பா நின்னுட்டே இருந்தாரே?"
அதற்கு என்னால் கை நீட்ட முடியவில்லை.

காது குச்சியில் ஸ்பிரிட் தொட்டு லென்ஸைத் துடைத்தேன்.
கழன்ற பெல்ட்டுக்குப் பதில்
கொத்தமல்லிக் கட்டிலிருந்து ஒரு ரப்பர் பேண்ட்.
தட்டுத் தள்ளும் பல்சக்கரத்தில்
ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய்
விடக்கூடாது என்று தெரியும்; விட்டேன்.

கையில் கிடைத்தது
பட்டுப்புழுப் பயிற்சியில் கொடுத்த தட்டு.
உறுமியது, யோசித்தது,
சட்டென்று திரை முழுக்க முசுக்கொட்டை இலை.
ஆயிரம் புழுக்கள் ஒன்றாக மென்றன,
தகரத்தில் தூறல் விழுவதுபோல.
ஒரு மணி நேரம் அசையாமல் பார்த்தோம்.
நான்காம் தோலுரிப்புக்குப் பிறகு
எத்தனை வேளை இலை என்று
இப்போது எங்கள் இருவருக்கும் தெரியும்.
எங்களிடம் ஒரு புழுகூட இல்லை.

போட்டோக்காரர் ஸ்டூடியோவை மூடி
செல்போன் கவர் விற்கிறார்.
ஒரிஜினலா, அந்தக் கம்ப்யூட்டரையே
எடைக்குப் போட்டாச்சும்மா என்றார்.
வக்கீல் போனில், ரிப்பேர் ஆச்சா என்றார்.
பெட்டி ஆச்சு சார் என்றேன்.

வியாழக்கிழமை வாய்தா.
ஆறேகால் தர்மபுரி பஸ்ஸுக்குக் கிளம்புகையில்
அவள் பைக்குள் எட்டிப் பார்த்தேன்:
ரேஷன் கார்டு,
மூக்குத்திக்கு மட்டும் கிடைத்த நகைக்கடை ரசீது,
முறுக்குக் கவருக்குள் பதினெட்டுச் சில்லு.

எதுக்குடி இது?

"இருந்துச்சுன்னு காட்டத்தான்."

கவரைக் கெட்டியாப் பிடிக்காத,
கை அறுக்கும் என்றேன்.