மூன்று பைட்

இல்லை என்கிறது இயந்திரம்.
கண்ணெதிரே கிடக்கும் கோப்பை
இல்லவே இல்லை என்று சாதிக்கிறது.

ஓலு துறைமுகம். பிப்ரவரி. விடிகாலை நாலேகால்.
சன்னலின் உள்பக்கமே உறைந்துவிட்டது.
காலுறையோடு நாற்காலியில் சம்மணமிட்டுத்
திரையை முறைத்துக்கொண்டிருக்கிறாள் கெர்ட்டு.
பதினெட்டு மைல் தள்ளி
சாலைக்குத் தூவ உப்பேற்றி வந்த கப்பலொன்று
தடிமன் தெரியாமல் அசையமாட்டேன் என்று
கடலின் மேல் நிற்கிறது, கடலுக்குள் அல்ல.

பனிக்கட்டியின் தடிமன் சொல்லும் நிரலுக்குப்
பனிக்கட்டி என்றே பெயர்.
ஃபின்னிஷில் மூன்றே எழுத்து.
பின்னிரண்டின் தலையிலும் இரண்டிரண்டு புள்ளி.

(என் மொழியில் புள்ளி ஏறினால்
உயிர் இறங்கிவிடும்.
இங்கே இரண்டு ஏறியும்
உயிர் உயிராகவே இருக்கிறது,
வாய் மட்டும் கொஞ்சம் அகலமாகிறது.)

ரெய்யோ இதற்குப் பெயரிட்ட காலத்தில்
எழுத்துக்கு ஒரு பைட்.
106, 228, 228.
நேற்றிரவு மாற்றிய இயந்திரத்திலோ
புள்ளி வைத்தவை ஒவ்வொன்றுக்கும் இரண்டு.
106, 195, 164, 195, 164.
உச்சரித்தால் ஒரே சொல்.
தடவிப் பார்த்தால் வேறு வேறு உடம்பு.

கெர்ட்டு ரெய்யோவை எழுப்பினாள்.
கேமியில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறான் இப்போது,
எப்படியும் விழித்துத்தான் இருந்தான்.
எந்தக் குறியாக்கத்தில் வைத்தாய் என்றாள்.
குறியாக்கமா, என்றான்,
விசைப்பலகையில் அந்த எழுத்து இருந்தது, தட்டினேன்.
பிறகு வண்டியின் இரைச்சல் மட்டும்.

பெயரை மாற்றிவிடேன் என்றேன் நான்.
இந்த வட்டையே பார்க்கிற பழைய இயந்திரங்கள் பதினொன்று,
எல்லாம் அதை மூன்று பைட்டால்தான் கூப்பிடும் என்றாள்.
நான் காப்பி போடப் போனேன்.

பாதை என்று ஒரு நீள வரி.
முக்காற்புள்ளி தோறும் நறுக்கி
ஒவ்வொரு அடைவின் முனையிலும் பெயரை ஒட்டி,
இருக்கிறாயா, இயங்குவாயா என்று
கேட்டுக்கொண்டே போகிறது தேடும் நிரல்.
இம்முறை அவள் பெயரை எழுத்தாகத் தரவில்லை,
மூன்று பைட்டாகவே தந்தாள்.
முதல் வாசலிலேயே சிவப்பில் ஒரு வரி.
நிலைமொழி எழுத்து, வருமொழி பைட்,
புணர்ச்சி விதி இல்லை.

சிரித்தாள், அன்றைக்கு முதல்முறையாக.
இல்லை என்பதைவிட இது மேல் என்றாள்.
எங்கே இடிக்கிறதென்றாவது சொல்கிறது.

அப்புறம் பொறுமையான வேலை.
பாதையையும் பைட்டாக்கினாள்,
தெரியாத பைட்டை விழுங்காமல்
அப்படியே கடத்தும் வழியில்.
முக்காற்புள்ளியையும் பைட்டாக்கினாள்.
சாய்கோட்டை மறந்தாள், மறுபடி சிவப்பு, அதையும்.
எழுத்தால் கேட்டால் எழுத்தால் பதில்,
பைட்டால் கேட்டால் பைட்டால் பதில்,
நடுவில் எவரும் மொழிபெயர்க்க வேண்டாம்
என்று மேலே ஒரு குறிப்பு எழுதி
கடைசிச் சொல்லை அடித்து
“கூடாது” என்றாக்கினாள்.

ஐந்தாவது அடைவில் இருந்தது.
எப்போதும் அங்கேதான் இருந்திருக்கிறது.

பனிக்கட்டிக்கான அந்தச் சொல்லுக்கு
அவர்கள் மொழியில் இன்னொரு பொருளும் உண்டு:
தங்குகிறது, மீந்திருக்கிறது.
கெர்ட்டு அதைச் சத்தமாகச் சொன்னாள்.
எந்தப் பொருளில் என்று நான் கேட்கவில்லை.

அறுபத்தொன்று சென்டிமீட்டர்.
உடைப்புக் கப்பலிலிருந்து தூக்கா கூப்பிட்டு
எண்ணை இருமுறை திருப்பிச் சொல்லி வைத்துவிட்டான்.
தொலைவில் ஏதோ முறிகிற ஓசை,
அல்லது வெந்நீர்க் குழாயாக இருக்கலாம்.

பதிவேட்டில் மட்டும் இன்னும்
முதல் எழுத்துக்குப் பின்னால்
இரண்டு கருப்புச் சாய்சதுரம்,
உள்ளே கேள்விக்குறி.
காட்டினேன்.
அது வெறும் முகம், என்றாள் பூட்ஸைத் தேடியபடி,
நாளைக்குக் கழுவிக்கொள்ளலாம்.