சுழியத்தில் நிற்காத பேருந்து

கரக்கில் ஏறும்போது நான் கூட்டல் தொள்ளாயிரம்.
ஸாஃபியில் இறங்கும்போது கழித்தல் முந்நூற்றைம்பது.
நடுவில் ஏதோ ஒரு வளைவில்
காது அடைத்துத் திறக்கும் நேரத்தில்
'கடல் மட்டம்' என்று ஒரு பலகை போகும்.
அங்கே கடல் கிடையாது.
மட்டம் மட்டும்.

ஏழாம் வகுப்பில் முப்பத்தொரு பெண்கள்.
தக்காளிப் பருவம், ஆறு பேர் வயலில்.
வந்தவர்களின் விரலிடுக்கில் பச்சைக் கறை.
நோட்டைத் திருத்த எடுத்தால் இலை வாசம்.

கரும்பலகையில் இரண்டு செங்குத்துக் கோடுகள்,
நடுவில் −350.
'அல்கீமா அல்முத்லக்கா' என்றேன்.
தனி மதிப்பு.
கடைசி வரிசையில் யாரோ
லாம் எழுத்தை ஓர் அழுத்து அழுத்திப் படித்தாள்.
அழுத்தினால் அது வேறு சொல்:
மணவிலக்கானவள்.
மணவிலக்கானவளின் மதிப்பு.
வகுப்பு குலுங்கிச் சிரித்தது.
நான் சாக்பீஸ் தேடுவதுபோல் குனிந்தேன்.
என் குடும்பப் பதிவேட்டில் அந்தச் சொல்
அழுத்தத்தோடுதான் இருக்கிறது.

நிமிர்ந்து சொன்னேன்:
மேலேயா கீழேயா என்று கேட்காதீர்கள்.
சுழியத்திலிருந்து எவ்வளவு தூரம்,
அவ்வளவுதான் கேள்வி.

"அப்படியென்றால் நம் ஊருக்கு ஜோடியாக
மேலே ஓர் ஊர் இருக்கிறதா, மிஸ்?"
நுஹா கேட்டாள்.
இருக்கும் என்றேன்.
"அவர்களுக்கும் இவ்வளவு வெயிலா?"
அது இந்தப் பாடத்தில் இல்லை.

மளிகைக் கடைக்கு அம்மா தர வேண்டிய நாற்பது தினார்,
கடைக்காரருக்கு வர வேண்டிய நாற்பது தினார்
என்று தொடங்கினேன்.
பாதியில் விட்டுவிட்டேன்.
மூன்று பேர் தலையைக் குனிந்திருந்தார்கள்.

பிறகு அந்த வரி.
எல்லா வருடமும் இடறிவிழும் வரி:
x சுழியத்துக்குக் கீழே என்றால் |x| = −x.
ஷுரூக் எழுந்துவிட்டாள்.
"கோடுகளுக்குள் போனால் கழித்தல் வெளியே வராது,
நீங்கள்தான் சொன்னீர்கள்.
இப்போது நீங்களே கழித்தல் போடுகிறீர்கள்."
திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த குரல்.
எனக்குத் தெரிந்த விளக்கங்கள் மூன்று.
மூன்றையும் சொன்னேன்.
மூன்றுக்கும் தலையசைத்துவிட்டு
நம்பவில்லை என்றாள்.

முன்னே வா.
பின்சுவரைப் பார்த்து நில். நீதான் x.
கழித்தல் என்பது ஓர் இடம் இல்லை, ஷுரூக்,
திரும்பு என்ற சொல்.
குதிகாலில் திரும்பினாள்.
இப்போது எந்தப் பக்கம்?
"முன்பக்கம்."
ஏற்கெனவே முன்னால் பார்த்து நிற்பவள்?
யோசித்தாள்.
"அவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம்."

அதைவிடச் சரியாக எந்தப் பாடநூலும் எழுதவில்லை,
நான் படித்த அளவில்.

ஆனாலும் வாரக் கடைசித் தேர்வில்
|x| = −8 என்று கொடுத்ததற்கு
பதினேழு பேர் 8 என்று எழுதினார்கள்.
ஷுரூக்கும்தான்.
நுஹா மட்டும் ஒரு வரி:
'இப்படி ஓர் எண் இல்லை. தூரம் கடன் வாங்காது.'
முழு மதிப்பெண் போட்டேன்.
பேனா கொஞ்ச நேரம் அந்த வரியின் மேலேயே நின்றது.

மாலைப் பேருந்தில் அபூ ஸுஹைர்
கியரை மாற்றி மாற்றி மேலே இழுக்கிறார்.
அந்தப் பலகை அருகே நிறுத்துவதில்லை,
வளைவு என்பதால் மெதுவாக்குவார்.
தக்காளிப் பையோடு ஒரு பையன்
ஜன்னலோரம் கூடவே ஓடி வருகிறான்.
காலையில் கீழே போகும்போதும் அவன்தான்.
கிலோ கால் தினார்.
ஏறினாலும் இறங்கினாலும் அதே விலை.

சில்லறை தேடுவதற்குள்
காது அடைத்துத் திறந்துவிட்டது.