மூன்றாவது தசமம்

மங்காஃபில் ஐந்தாம் மாடி.
ஏ.சி. சொட்டும் தண்ணீருக்கு ஒரு பெயிண்ட் வாளி.
அதன் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியதுதான்
ஓவர்டைம் கணக்குப் போடும் அந்தச் சின்ன நிரல்.
யாரும் எடுக்கலாம், திருத்தலாம், காசில்லை என்று
முகப்பில் போட்டிருந்தேன்.
யாராவது திருத்துவார்கள் என்று
நினைக்கவில்லை.

'கேட்4' என்ற பெயரில் ஒருவர் வந்தார்.
ஒரே ஒரு வரி.
இரண்டு என்றிருந்த இடத்தில் மூன்று.
கீழே குறிப்பு:
"அண்ணே, ரூபாய்க்கு நூறு பைசா. தினாருக்கு ஆயிரம் ஃபில்ஸ்.
உங்கள் கணக்கில் மணிக்கு ஒரு ஃபில்ஸ் உதிர்கிறது.
மாதம் அறுபது மணி, நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
கூட்டிப் பாருங்கள்."

கூட்டவில்லை நான்.
வரி தள்ளி ஆரம்பிக்கிறது, சோதனை இல்லை,
பங்களிப்பு விதிகளைப் படிக்கவும் என்று
ஒட்டிவிட்டுத் தூங்கப் போனேன்.
விதிகள் எங்கே இருக்கின்றன என்று கேட்டார்.
நான் எழுதியே இருக்கவில்லை.

எட்டு மாதம்.
இடையில் ஒரே வாரத்தில் மூன்று பதிப்பு விட்டேன்,
ஒரு பொத்தானின் நிறம் பிடிக்காமல்.
பிறகு கோடை முழுக்க ஒன்றுமில்லை.

மறுபடி கேட்4:
"அடுத்தது எப்போது என்று மட்டும் சொல்லுங்கள்.
இருபத்தைந்தாம் தேதி சம்பளத் தாள் மூடிவிடுவார்கள்.
மூடிய தாளுக்குத் திருத்தம் கிடையாது."

அன்றைக்குத்தான் கூட்டினேன்.
இருபத்து நான்கு தினார், எழுநூற்று இருபது ஃபில்ஸ்.
ஒரு மாதத்துக்கு.
எட்டால் பெருக்கக் கை வரவில்லை.

அந்த வரியை ஏற்றேன்.
சோதனையை நானே எழுதினேன், அவர் கணக்கை வைத்தே.
விதிகளும் எழுதினேன், பத்தே வரி:
போனிலிருந்து அனுப்பினாலும் சரி,
மூன்று நாளில் பதில் வரும்,
வேண்டாம் என்றாலும் ஏன் என்று வரும்.
மாதாமாதம் இருபதாம் தேதி பதிப்பு.
ஃபகாஹீல் பஸ் மாதிரி ஏறியவர்களோடு கிளம்பும்.
ஏறாத வரி அடுத்ததுக்கு நிற்கட்டும்.

வந்தார்கள்.
சால்மியாவிலிருந்து ஒரு கணக்காளர்
ரமலான் வேலைநேரத்தைத் தூக்கிக்கொண்டு.
நர்ஸ் எஸ்தர் ஜெபக்கனி
நள்ளிரவைத் தாண்டும் ஷிஃப்டோடு.
ஒருவர் எழுத்துப்பிழை மட்டும் பார்த்தார்.
முகப்பில் 'திருத்தளாம்' என்று
இத்தனை நாள் நின்றிருக்கிறது.

ஜூன் இருபது. தூசிப் புயல்.
ஜன்னலுக்கு வெளியே டீ நிறம்.
எனக்குக் காய்ச்சல், இணையமும் செத்துவிட்டது.
மறுநாள் மாலை எழுந்து பார்த்தால்
பதிப்பு போயிருந்தது, இருபதாம் தேதி காலை ஆறுக்கே.
கேட்4க்குச் சாவி கொடுத்து இரண்டு மாதமாகிறது,
மறந்திருந்தேன்.

குறிப்பின் அடியில் முதல்முறையாக முழுப் பெயர்:
சேகு நஜ்முதீன், டைம்கீப்பர், மினா அப்துல்லா.
அதற்கும் கீழே:
சரிபார்த்தவர்கள் இரவு ஷிஃப்ட், நாலு பேர்,
பழைய சம்பளத் தாள்களை வைத்து, கையால்.

வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.
எழுந்து போய்க் கொட்டினேன்.