எட்டாவது கிரேடு, இரண்டாம் முறை

"ராத்திரி பதினொரு மணிக்கு மேல
அப்படி என்னதான் நறுக்குறீங்க?"
என்று கேட்டார் கீழ்வீட்டு ஷாகிரா.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசிப்பவளின் பியானோ
கீழ்வீட்டுக்கு வெறும் பலகை.
டொக், டொக்டொக், டொக்.
பி ஃபிளாட் மைனர் ஸ்கேல்
நான்கு ஆக்டேவ் ஏறி இறங்கினால்
அவர் தலைக்கு மேல் அரிவாள்மனை.
"வெண்டைக்காய்" என்றேன்.

ஓசூரில் வீட்டைக் காலி செய்த ஒருவரிடம் வாங்கியது.
எண்பத்தெட்டுக் கட்டைகளும்
தக்காளிக் கூடைகளுக்கு நடுவே
டாடா ஏஸில் கிருஷ்ணகிரி வந்து சேர்ந்தன.

பகலில் எனக்கு மாங்கூழ் ஆலை, லேப்.
ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்து
இனிப்பின் அளவைப் படிக்க வேண்டும்.
பதினாறு என்றால் டின்னுக்குப் போகும்.
பதினைந்தே முக்கால் என்றால் சிவப்பு மையில் ஒரு கோடு.
பதினெட்டு வருடமாகப் போடுகிறேன்.
கை நடுங்கியதில்லை.

போன நவம்பரில் எனக்குப் போட்டார்கள்.
நூற்றைம்பதுக்குத் தொண்ணூற்றாறு.
நூறு வேண்டும்.
தேர்வாளரின் சாய்ந்த கையெழுத்தில் ஒரு வரி:
இடது கை மன்னிப்புக் கேட்டபடியே வாசிக்கிறது.

மூன்று நாள் அந்தத் தாள்
சர்க்கரை டப்பாவுக்கு அடியில் கிடந்தது.
நாலாம் நாள் ஆலையில் என் குரல் என் காதில் விழுந்தது.
மேனேஜரிடம், சாரி சார், இந்த பேட்ச்.
லாரிக்காரரிடம், சாரிண்ணா, ஒரு நிமிஷம்.
கதவில் இடித்துக்கொண்டு
கதவுக்கும் ஒன்று.
மதியத்துக்குள் பதினேழு. அப்புறம் எண்ணவில்லை.

என் டீச்சர் என்னைவிடப் பத்தொன்பது வயது இளையவள்.
ஞாயிறு காலை போன் திரையில்
தூக்கம் கலையாத முகத்தோடு வருவாள்.
"அக்கா, வலது கையை மடியில வைங்க.
ஒரு மாசம் அது வேண்டாம்" என்றாள்.

மூன்று குரல் ஃபியூகில்
கீழே கிடக்கும் குரல் மட்டும்.
நான்காம் விரல் தனியாக எழாது;
நடுவிரலைக் கூப்பிடும், சுண்டுவிரலைத் துணைக்கு இழுக்கும்.
அதில் ஒரு மோதிரம் இருந்தது.
கழற்றி மெட்ரோனோம் பக்கத்தில் வைத்தேன்.
எந்த வாரம் திரும்பப் போட மறந்தேன், தெரியவில்லை.
கேட்பதற்கு வீட்டில் ஆளும் இல்லை.

சீசன் வந்தது. இரண்டு ஷிப்ட்.
விரலிடுக்கில் பெங்களூரா வாசனையோடு ஆர்பெஜியோ.
ஒரு ராத்திரி கட்டைகள் மேலேயே தலை சாய்ந்தேன்.
காதுக்குள் பத்து சுரங்கள் ஒன்றாய் அலறி
எழுப்பிவிட்டன.

மறுபடி நவம்பர். நாலே முக்கால் பெங்களூர் பஸ்.
சூளகிரி தாண்டும்வரை ஜன்னலில் இருட்டு,
கைகள் அக்குளில்.
அத்திப்பள்ளியில் ஒரு லாரி இரண்டு சுரத்தில் ஹாரன் அடித்தது.
மைனர் தேர்டு.
யாரும் கேட்கவில்லை, நானே சொன்னேன்.

காத்திருக்கும் அறையில் பதினாலு வயதுப் பிள்ளைகள்,
அம்மாக்கள், தண்ணீர் பாட்டில்கள்.
பட்டியலோடு வந்த பெண்
"நீங்க எந்தக் குழந்தையோட அம்மா?" என்றாள்.
"சகாயராணி."
"சகாயராணி எங்கே?"
"நான்தான்."
சாரி என்றாள் அவள்.

ஃபியூகின் இரண்டாம் பக்கத்தில்
வலது கை நின்றுவிட்டது.
மறதி. முழு வெள்ளை.
ஆனால் கீழே யாரோ நடந்துகொண்டிருந்தார்கள்,
ஒன்றரை வரி தூரம், அவசரமில்லாமல்.
குனிந்து பார்த்துத்தான்
என் இடது கை என்று தெரிந்துகொண்டேன்.
கிளம்பிவிட்ட பஸ்ஸின் படியைப் பிடிக்கிறவள்போல
வலது கை ஓடிவந்து தொற்றிக்கொண்டது.

நூற்றி மூன்று.
பாஸ், அவ்வளவுதான்.
இந்த முறை தேர்வாளர் வேறு ஆள்.
இடது கை பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.

சிவப்புக் கோடு இன்னும் போடுகிறேன்.
பதினைந்தே முக்கால் பதினைந்தே முக்கால்தான்.
கோட்டுக்குப் பக்கத்தில் இப்போது
ஏன் என்று ஒரு வரி எழுதுகிறேன்.

நேற்று ஹெட்போன் ஒயரைப் பிடுங்கிவிட்டு
ஜன்னலைத் திறந்துவைத்து வாசித்தேன்.
கீழே குக்கர் இரண்டு விசில் அடித்தது.
மூன்றாவது வரவில்லை.
காதுத் தேர்வில் இதற்கு ஒரு பெயர் உண்டு,
வீட்டு வாசல்வரை வந்து
வேறு தெருவுக்குத் திரும்பிவிடும் முடிவு.

ஷாகிரா ஜன்னலுக்கு வந்து
மேலே பார்த்தார், கையில் கரண்டியோடு.
"இதுவா வெண்டைக்காய்?"