பதினைந்தாம் இதழ்

நாய் டுன் வே செத்துப் பதினோராம் நாள்
அவன் மகள் மி தாண்டா
ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து
என் தையல் மெஷின் மேல் வைத்தாள்.
"உங்களிடம் கொடுக்கச் சொல்லி அப்பா சொல்லவில்லை" என்றாள்.
"எரிக்கவும் சொல்லவில்லை."

நாய் என்றால் மோன்காரர்களுக்கு ஐயா மாதிரி.
சண்டை நாட்களில் நான் அதைத் தமிழிலும் சொன்னதுண்டு.

படகில் டிக்கெட் கிழிப்பவள் மா லே.
நான் எழுதுவேன், அவன் வரைவான்.
மோல்மேனில் ஏறி மர்த்தபானில் இறங்குவதற்குள்
ஒரு திருட்டு, ஒரு பொய்,
ஒரு தடவை பிரசவம்.
வாடகைக் கடையில் நூல் கட்டித் தொங்கின
பதினான்கு இதழும்,
மூலை சுருண்டு, வடை எண்ணெய் ஏறி.

பதினான்காவதின் கடைசிக் கட்டத்தில்
ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறாள்.
கீழே சால்வீன்.
மேலே, விரல்களுக்குப் பக்கத்தில்,
கடத்தல்காரனின் பூட்ஸ்.
தொடரும் என்று நான்தான் எழுதினேன்.

பிறகு, விழட்டுமே என்றேன்.
அலுத்துவிட்டது. தைப்பதில் கூலி கூட.
அவன் மைப்புட்டியை மூடினான்.
"நான் வரையாமல் அவள் எப்படி விழுவாள்?"
அதுதான் எங்கள் கடைசிப் பேச்சு.

பாலம் வந்தது. படகு நின்றது.
இருபத்திரண்டு மழைக்காலம்
ஒரே தெருவில் எதிரெதிராகக் குடையைச் சாய்த்து நடந்தோம்.
டீக்கடையில் மெக்கானிக் சோலைமலை மட்டும் விடவில்லை:
"என்னம்மா, அவ விழுந்தாளா இல்லையா?"

டின்னைத் திறந்தேன்.
அதே கட்டம்.
அதே கம்பி, அதே கை.
வருடத்துக்கு ஒரு தாள், மூலையில் தேதி.
மூன்றாம் தாளில் தூரத்தில் ஒரு பாலம்.
அவள் முதுகு அந்தப் பக்கம், பார்க்கவில்லை.
ஏழாவதில் கண்ணுக்குக் கீழே ஒரு கோடு.
பன்னிரண்டில் காதோரம் நரை,
கன்னத்தில் தனக்கா மட்டும் புதுசாய்.
ஒரு வருடம் இல்லை. ஏனென்று மகளுக்கும் தெரியாது.
கடைசி நான்கு, வலக்கை போனபிறகு
இடக்கையால் போட்டவை:
கோடெல்லாம் நடுங்கி
ஆறு முதல்முறையாக நிஜ ஆறு போலிருந்தது.

பூட்ஸுக்கும் வயதாகியிருந்தது. ஒரு தையல் விட்டிருந்தது.

எல்லாத் தாளிலும் அவள் வாயருகே
காலியாய் ஒரு குமிழ்.
வழக்கத்தைவிடச் சின்னது.
என் வசனம் நீளம் என்று முதல் இதழிலிருந்தே குறைபட்டவன்.

பிரஸ் வைத்திருக்கும் இருதயராஜ்
பதினைந்தாம் இதழ் போடலாம் என்றான்.
போனிலேயே வரைகிற பையன் ஒருவனைப் பிடித்தான்.
பையன் நன்றாகத்தான் வரைந்தான்.
தாடை சரியில்லை.
அவன் மா லே எடையே இல்லாமல் தொங்கினாள்,
துணி காயப்போட்ட மாதிரி.

வேண்டாம், இந்த இருபத்தொரு தாளையும்
வரிசையாய் அப்படியே போடு என்றேன்.
விடுபட்ட வருடத்துக்கு ஒரு வெள்ளைப் பக்கம்.
அவன் காகித விலையைச் சொன்னான்.
நான் ஆறு ரவிக்கைக் கூலியை எண்ணிக் கொடுத்தேன்.

இருபது குமிழும் காலியாகவே இருக்கட்டும்.
கடைசிக்கு மட்டும் மூன்று இரவு எழுதினேன்.
ஆற்றைப் பற்றி ஒன்று.
மன்னிப்பு மாதிரி ஒன்று, அதில் அவன் பெயர் வந்தது.
எதுவும் குமிழுக்குள் அடங்கவில்லை.

நாலாம் நாள் காலை, பாபினில் நூல் தீர்ந்து
மெஷின் நின்ற நேரத்தில்
அவளே சொன்னாள், டிக்கெட் கேட்கிற குரலில்,
மேலே நிற்கிற பூட்ஸைப் பார்த்து:

"தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லு.
நான் ஏறணும்."