நாலு விரற்கடை

தேர்தல் தேதி அறிவித்த மறுநாள்
பழைய போர்வையில் சுற்றி
வாய்மேடு மினிபஸ்ஸில் ஏற்றினேன்.
கிட்டத்தட்ட என் உயரம்.
கடப்பாரையா, லக்கேஜ் போடணும்
என்றார் கண்டக்டர்.
போடுங்க என்றேன்.

லைசென்ஸில் இருப்பது என் பெயர்.
அமிர்தகடேசன் மனைவி தையல்நாயகி,
ஒற்றைக் குழல், வாய்வழி மருந்து கெட்டிப்பது,
பயிர்ப் பாதுகாப்புக்கு மட்டும்.
எட்டாம் நம்பர் குழல் என்பதை
ஏனோ எழுதாமல் விட்டார்கள்.
கட்டைவிரலை உள்ளே விட்டால்
பக்கத்தில் இடிக்காது, அவ்வளவு வாய்.
ஊரில் மற்றவர்கள் வைத்திருப்பதெல்லாம்
அதன் முன்னால் ஊதுகுழல்.

விற்றுவிடு என்றார்கள். சரண்டர் செய் என்றார்கள்.
நிலத்தில் பாதி போயிற்று, மாடும் போயிற்று.
முத்திரை குத்தி என் பெயரில் நிற்பது
இது ஒன்றுதான்.
அவர் போனபின் நான் சுட்டதில்லை.
வருஷத்துக்கு இரண்டு தரம் தேங்காயெண்ணெய்,
வெளியே மட்டும்,
குதிரை துருப்பிடிக்காமல்.

ஸ்டேஷனில் புது ஏட்டு, ராயப்பன்.
முன்பிருந்தவர்கள் நம்பரைப் பார்த்து
மூலையில் சாத்துவதோடு சரி.
இவர் கம்பியை உருவினார்.
குழலுக்கு வெளியே ஒட்டி அளந்து
சாக்பீஸால் கோடு போட்டார்.
பிறகு உள்ளே விட்டார்.
கோடு உள்ளே போகவில்லை.
வாய்க்கு மேலே நின்றது,
நாலு விரற்கடை.

அம்மா, இதுல மருந்து இருக்கு.

ஒன்பது வருஷம்.
மகள் பிரசவத்துக்கு வந்து படுத்த
கட்டிலுக்கு அடியில்.
பேரன் அதன் வாயில் கோலிக்குண்டு உருட்டிவிட்டு
சாய்த்துச் சாய்த்து எடுப்பான்.
செத்த மனுஷனை வைவதற்கு வார்த்தை தேடினேன்.
ஏட்டு முன்னால் ஒன்றும் அகப்படவில்லை.

மருந்தோட வாங்க ரூல் இல்லை,
லைசென்ஸ் யாருதோ அவங்கதான் சுடணும்.

பின்னால் ஆறு. மேட்டூர் திறக்காத மாசம்,
மணலும் ஆகாயத்தாமரைச் சருகும்.
குதிரையை இழுக்க
இரண்டு கட்டைவிரலும் வேண்டியிருந்தது.
முதல் கேப் டப்பென்று செத்தது.
அசையாதீங்க, நூறு எண்ணுங்க என்றார்
புங்கமரத்துக்குப் பின்னாலிருந்து ராயப்பன்.
எண்ணினேன்,
எழுபதுக்கு மேல் தப்புத்தப்பாக.
இரண்டாவது கேப்.
சுர்ரென்று ஒரு யோசனை,
அப்புறம்

யாரோ தோளைப் பிடித்துத் தள்ளி
என்னை மணலில் உட்கார வைத்தார்கள்.
எதிர்க்கரை ஆட்டுக்காரன்
ஆடுகளை விட்டுவிட்டு ஓடினான்.
உலைமூடி திறந்த ஆவி மாதிரி வெள்ளைப் புகை,
போக இடமில்லாததுபோல் ஆற்றிலேயே நின்றது.
நன்றாக இருந்தது.
இதை நான் ஏட்டிடம் சொல்லவில்லை.

புகைக்குள்ளிருந்து அடைப்புக் காகிதம் இறங்கியது
ஓரம் கருகித் துண்டுதுண்டாய்.
எப்போதும் நார்தான் வைப்பார்.
அன்றைக்குப் பன்றி வரப்பு ஏறியிருக்கும்,
கைக்கு எட்டிய தாளைக் கசக்கியிருப்பார்.
ஒன்றைப் பொறுக்கினேன். ரோஸ் நிறம்.
'வளையல் 2' என்றிருந்தது.
அதன் மேல் என் பெயரில் பாதி,
'நாயகி'.

இந்த அடகு ரசீதுக்காகத்தான்
கருமாதி முடியுமுன்னே
ஓரகத்தி நவநீதத்தின் பெட்டியைத் திறந்து
நடுவீட்டில் கவிழ்த்தேன்.
புடவைகள், பால்புட்டி, ஒரு கிழிந்த பாடி.
சுற்றி நின்று அத்தனை பேரும் பார்க்க
அவள் ஒவ்வொன்றாக மடித்து வைத்தாள்.
பாடியைக்கூட மடித்தாள்.
அன்று போனவள்தான்.

ஏட்டு துப்பாக்கியைத் துடைத்து வாங்கிக்கொண்டு
ரசீது ஒன்று எழுதிக் கொடுத்தார்.
பத்திரமா வச்சுக்குங்க என்றார்.

இரண்டையும் ஒரே முந்தானையில் முடிந்தேன்.
தோள் வீங்கி ரவிக்கை இறுகிற்று.
அதே மினிபஸ், அதே கண்டக்டர்.
எங்கே?
மருதூர் என்றேன்.
காலையில நீங்க ஏறினது தகட்டூராச்சே என்றார்,
அல்லது அப்படி ஏதோ.
காது இன்னும் அடைத்திருந்தது.
சில்லறையை நீட்டினேன்.